மொத மடக்கு

இங்கிட்டு வந்து உக்காருங்கண்ணே. அங்கிட்டு உக்காந்தா பஸ்ஸு சாணார்பட்டி தாண்டுற வரைக்கும் வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும். இந்தப் பார்சலை நான் மடியில வச்சுக்கிறேன், உங்களுக்கு இடிக்குதா? கடிகாரம்ணே, சுவத்துல மாட்டுறது. கல்யாணத்துக்குக் குக்கரும் மிக்சியும் சொந்தக்காரங்க குடுத்துருவாங்க, நம்ம வேற என்னத்தக் குடுக்குறது?

காலையிலயே நான் நத்தத்துல இருந்திருக்கணும். லேத்துப் பட்டறை ஓனரு விட்டாத்தான? ‘கல்யாணம் நாளைக்குத்தானப்பா, இன்னைக்கு என்ன சோலி உனக்கு’ங்கிறாரு. அட, இன்னைக்குத்தான்ணே சோலியே! நாளைக்கு என்ன இருக்கு? தாலி கட்டுவான், சாப்புட்டு மொய் எழுதிட்டு வந்துருவோம். இன்னைக்குத்தான் ட்ரீட்டு. சாயந்தரம் மாப்பிள்ளை அழைப்பு, அதுக்கு முன்னாடி மண்டபத்துக்குப் பின்னாடி மாந்தோப்புல ட்ரீட்டு. நான் இல்லாமலே ஆரம்பிங்கடான்னு சொல்லிட்டேன். மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது.

மாப்பிள்ளை என் கூட்டாளி. பத்திரிகையில சேவுகமூர்த்தின்னு போட்டிருக்கும், எங்களுக்கு சேவுகன். நாங்க நாலு பேரு ஒரு செட்டு. நானு, சேவுகன், ஜெகதீசு, தவசி. பாலிடெக்னிக்ல சேந்த நாள்ல இருந்து ஒண்ணாத்தான் திரிவோம். இப்ப மூணு பேரு. தவசி இல்ல. அதைப் பெறகு சொல்றேன்.

பொண்ணு பேரு பாண்டீஸ்வரி. நல்ல பொண்ணு, நான் ஒண்ணும் குறை சொல்லல. பயலும் தங்கமான பயதான். ஆனா கொஞ்ச நாளா எங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறான் பாருங்க, அதுக்கு இன்னைக்குத்தான் ஒரு முடிவு. ஒரு மடக்காவது குடிக்காம இன்னைக்கு எங்க கையில இருந்து அவன் தப்ப முடியாது. ஆமா, குடிய விட்டுட்டான். அதான் பிரச்சினையே! என்னண்ணே அப்பிடிப் பாக்குறீங்க? நீங்க நினைக்கிற மாதிரி ஆளுங்க இல்ல நாங்க. முழுசாக் கேளுங்க, கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க.

எங்க செட்டுல ஒரு முறை இருக்கு. எவன் ட்ரீட்டு குடுக்குறானோ அவன்தான் மொத மடக்கு குடிக்கணும். அவன் குடிச்சுட்டுக் கிளாஸைக் கீழ வச்ச பெறகுதான் மத்தவன் தொடணும். அதுவரைக்கும் நாக்கு வறண்டாலும் சரி, எதுத்தாப்புல கறி ஆறிப் போனாலும் சரி, ஒருத்தனும் கை வைக்க மாட்டான். சாமிக்குப் படைக்காமப் பொங்கலை வாயில வைப்பமா? அது மாதிரி. யாரு இதை ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்கன்னா, நாந்தான்.

மொத ட்ரீட்டு என்னைக்குன்னா, காலேஜு கபடியில நாங்க கப் அடிச்ச அன்னைக்கு. பதினெட்டு வயசு இருக்கும். இருந்துச்சோ இல்லையோ, மீசை இருந்துச்சு. சேவுகன்தான் கடைசி ரெய்டுல ரெண்டு பேரை அவுட்டாக்கிட்டு வந்தான், அதனால ட்ரீட்டு அவன் பேருல. பீரு வாங்கி வச்சாச்சு. பய தொட மாட்டேங்கிறான். ‘வேணாம் நாகு, எங்கப்பா இதுலதான்டா போனாரு’ங்கிறான். உண்மைதான், அவங்கப்பா குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தவரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உங்கப்பா கவலையில குடிச்சாரு, நம்ம சந்தோசத்துல குடிக்கிறோம். ரெண்டும் ஒண்ணாடா?’ன்னேன். எப்பிடி!

அப்பவும் தயங்குனான். தவசி மூக்கைப் புடிச்சுக்கிட்டான், நான் ஊத்துனேன். கண்ணுல தண்ணி, மூக்குல நுரை, அப்பிடியே கக்கிட்டான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். ரெண்டாவது கிளாஸ் அவனே எடுத்துக் குடிச்சான். பெறகு வண்டியில நடுவுல உக்கார வச்சு, கீழ விழுகாம இறுக்கிப் புடிச்சு, வீட்டுக்குப் பின்பக்கமா இறக்கிவிட்டதும் நாந்தான். பெத்த தாயி கூட அப்பிடிப் பாத்துக்க மாட்டா.

நீங்க குடிப்பீங்களாண்ணே? பழக்கமே இல்லையா? சரித்தான், அப்ப உங்களுக்குப் புரியுறது கஷ்டம். இதுல ரெண்டு வகை இருக்கு. குடிகாரன்னா தனியாக் குடிப்பான், காலங்காத்தால குடிப்பான், பொண்டாட்டி தோட்டை வித்துக் குடிப்பான். எங்ககிட்ட அந்தச் சோலியே கிடையாது. நாங்க கம்பெனிக்குக் குடிக்கிறவய்ங்க. நாலு பேரு சேந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. பரிச்சையில பாஸானா ஒரு ட்ரீட்டு. அரியர் விழுந்தா அந்த வருத்தத்துக்கு ஒண்ணு. வேலை கிடைச்சா, வண்டி எடுத்தா, எடுத்த வண்டிய வித்தா. ஜெகதீசு பின்னாடி சுத்துன பொண்ணு சரின்னு சொன்னதுக்கு ஒண்ணு, அதே பொண்ணு முடியாதுன்னு சொன்னதுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அது தனிக்கணக்கு. மழை பேஞ்சாக் கேக்கவே வேணாம். ஆனா தனியா? ஒருத்தனும் ஒரு சொட்டுத் தொட மாட்டான். அம்புட்டு ஒழுக்கம்.

தவசியா? சொல்றேன்.

போன வருசம் ஊர்த் திருவிழாவுல கபடி வச்சாய்ங்க. காலையில மேட்சு, தோத்துட்டோம். தோத்த வருத்தத்துக்குத் தவசி பேருல ட்ரீட்டு, அவன்தான் கடைசி ரெய்டு போயி மாட்டுனவன். குடிச்சு முடிக்கயில வெயிலு மண்டைய பொளக்குது. கிணத்துல போயி விழுந்தாத்தான் சரிப்படும்னு கிளம்புனோம். தவசி மோட்டார் ரூம்பு மேல ஏறிட்டான். ‘எம்புட்டு நேரம் முங்கிக் கிடக்கேன்னு எண்ணுங்கடா’ன்னான். குதிச்சான். நாங்க கைதட்டிக்கிட்டே எண்ணுறோம். சத்தமா எண்ணுறோம், சிரிச்சுக்கிட்டே எண்ணுறோம். எண்ணிக்கிட்டே இருக்கோம்ணே.

சேவுகன்தான் மொதல்ல எண்ணுறதை நிப்பாட்டுனான். அவன்தான் குதிச்சான். அவனுக்கும் போதை, என்ன செய்வான், வெறுங்கையோட மேல வந்து மேல வந்து திரும்ப முங்குறான். கடைசியில தலைமுடியைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். நெத்தி பொளந்திருந்துச்சு. உள்ள பாறை. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு.

நான் கேக்குறேன், உள்ள பாறை கிடக்குன்னு அந்தக் கிணத்துக்காரன் ஒரு போர்டு வச்சா என்ன? தண்ணி கம்மியான வருசம் ஒரு முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைச்சா என்ன? நாளைக்கு எவனாவது விழுந்தா யாரு பதில் சொல்றது? ஊருல என்னடான்னா, குடிச்சதுனாலதான் செத்தான்னு பேசுறாய்ங்க. நாங்க நாலு பேரும் ஒரே அளவுதான் குடிச்சோம். மூணு பேரு உயிரோடதான இருக்கோம்? நீங்களே சொல்லுங்க. ஆகாத நேரம்ணே அவனுக்கு. தவசி ஞாபகமா நாளைக்கு வைக்கிற பிளக்ஸ்ல அவன் படத்தையும் போட்டிருக்கோம், மேல ஓரத்துல, மாலையோட. பிளக்ஸ் கடைக்காரன் குழம்பிப்போயி சேவுகன் படத்துக்கும் அதே மாலையைப் போட்டுட்டான். மாப்பிள்ளைக்கு மாலை சரிதானன்னு விட்டுட்டோம்.

அதுல இருந்து சேவுகன் ஒரு மாதிரி ஆயிட்டான். எங்க கூட வர்றதில்ல, தனியாக் குடிக்க ஆரம்பிச்சுட்டான். பாருங்க, எங்க முறையையே மீறிட்டான்! காலையில கை நடுங்குது, காபி டம்ளரைப் புடிக்க முடியல, ஊத்துனாத்தான் நடுக்கம் நிக்குது. கண்ணை மூடுனா நாங்க எண்ணுன சத்தம் கேக்குதுங்கிறான். நானே வீட்டுக்குப் போயிச் சொன்னேன், ‘மாப்ள, தனியாக் குடிக்காத, உடம்பு கெட்டுரும். எங்க கூட வந்து குடி’ன்னு. நல்லதுதான சொன்னேன்? அதுக்கு அமுதா அக்கா விளக்கமாத்தைத் தூக்கிட்டு வந்துருச்சு.

அமுதா அக்கா அவன் கூடப் பொறந்தது. அப்பா போனதுல இருந்து அவனை வளத்ததே அதுதான். தனக்குக் கூட ஒரு கல்யாணம் காட்சின்னு பாத்துக்கல, அதையும் சொல்லணும். அதுதான் அவனை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, குடிய மறக்க வைக்கிற ஆஸ்பத்திரியில சேத்துவிட்டுச்சு. அங்க கொஞ்ச நாள் வச்சிருந்து, அனுப்பும்போது ஒரு மாத்திரையைக் குடுத்துவிட்டாய்ங்க. தெனம் காலையில ஒண்ணு. அவனே கேட்டு, சம்மதம்னு சொல்லி வாங்கிக்கிட்டது. அந்த மாத்திரை உடம்புல இருக்குறப்ப சரக்கு பட்டா உடம்பு தாங்காதாம்.

டாக்டரம்மா எங்களையும் வரச்சொல்லி உக்கார வச்சுப் பேசுனாங்க. ‘நீங்கதான கூட்டாளிங்க? இவருக்குத் தெரியுறதை விட உங்களுக்குத்தான் முக்கியமாத் தெரியணும். ஒரு மடக்குப் போதும். இருமல் மருந்துல கலந்திருக்கிறது கூட ஆகாது. மூஞ்சி செவக்கும், நெஞ்சு கண்டபடி அடிக்கும், வாந்தி எடுப்பாரு, மூச்சு வாங்கும், பிரஷர் இறங்கும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்துனாலும் ரெண்டு வாரத்துக்கு உடம்புல இருக்கும். விளையாட்டுக்குக் கூட எதுவும் செஞ்சுராதீங்க’ன்னு சொன்னாங்க. அப்பிடியே ஒப்பிச்சுட்டேன் பாத்தீங்களா? ஞாபகசக்தியில எங்க செட்டுல நான்தான் மொதல்ல.

அங்க மண்டைய மண்டைய ஆட்டுனேன். வெளிய வந்துதான் ஜெகதீசுகிட்டச் சிரிச்சேன். பின்ன? டாக்டருன்னா அப்பிடித்தானண்ணே சொல்லணும்? பயந்தாத்தான குடிக்க மாட்டான்? அந்தப் பயம்தான் மருந்தே. மாத்திரையில ஒண்ணும் இருக்காது, சும்மா சுண்ணாம்பு. பாலு குடிக்காத புள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுறதில்லையா? எனக்கு எப்பிடித் தெரியும்ங்கிறீங்களா? லேத்துல இத்தனை வருசம் கிடக்குறேன், எதுல எது ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?

சரி, விட்டுட்டான், நல்லா இருக்கட்டும்னு நானும் இருந்தேன். என் நெஞ்சு கொதிச்சது எதுலன்னா, நான் புது வண்டி எடுத்தப்ப. ஆசை ஆசையா எடுத்தேன். ட்ரீட்டு வச்சேன், என் பேருல, நான் மொத மடக்குக் குடிச்சுட்டுக் கிளாஸைக் கீழ வச்சேன். ஜெகதீசு, எங்க பட்டறைப் பயலுக எல்லாரும் எடுக்குறாய்ங்க. சேவுகன் மட்டும் பைக்குள்ள இருந்து ஒரு பன்னீர் சோடாவை எடுத்து வச்சுக் குடிக்கிறான். கடலையைக் கொறிச்சுக்கிட்டு, எங்களைச் சின்னப் புள்ளைங்களைப் பாக்குற மாதிரி பாக்குறான். அதோட விட்டானா? அத்தனை பேரு முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘நாகு, நீயும் விட்டுருடா. எனக்குன்னு மிச்சம் இருக்குறது நீங்க ரெண்டு பேருதான்டா’ங்கிறான்.

எப்பிடி இருக்கும் எனக்கு? நான் என்ன குடிகாரனா? நான் பழக்கிவிட்ட பய, எனக்குப் புத்தி சொல்றான். மூஞ்சியில கரியைப் பூசுன மாதிரி ஆயிப்போச்சு. அப்பக் கண்ணு கலங்கியிருந்துச்சுண்ணே அவனுக்கு, அதுதான் இன்னும் எரிச்சல். அன்னைக்கே ஜெகதீசுகிட்டச் சொல்லிட்டேன், இவன் கல்யாணத்துல இவனைத் தொட வைக்கல, நான் நாகேந்திரன் இல்லன்னு.

அவன் வேலைக்குச் சேந்ததுக்கு ட்ரீட்டு இல்ல. நிச்சயத்துக்கு ட்ரீட்டு இல்ல. எப்பிடிக் குடுப்பான், மொத மடக்கு அவன்தான குடிக்கணும்? ‘வேணும்னா வாங்கித் தர்றேன், நீங்க குடிங்க, நான் சோடா குடிக்கிறேன்’ங்கிறான். முறை என்னாகுறது? போன வாரம்தான் ஜெகதீசு ஒரு யோசனை சொன்னான். சரி மாப்ள, நீ சோடாவே குடி, அதையே மொத மடக்கா வச்சுக்கிறோம்னு சொல்லிருவோம்னான். சேவுகனுக்கு அம்புட்டுச் சந்தோசம். போன்லயே அழுதுட்டான், ‘நீங்க என்னைப் புரிஞ்சுக்கிட்டீங்கடா’ன்னு.

என்னண்ணே, சிரிக்க மாட்டேங்கிறீங்க? இன்னும் விசயத்துக்கே வரல. பன்னீர் சோடா இருக்கு பாருங்க, மூடியைத் தொறந்தாலே வாசம் தெருக்கோடி வரைக்கும் போகும். நிறம் கிடையாது, பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும். ஓட்காவும் அதே மாதிரிதான? பாதி சோடாவைக் கீழ கொட்டிட்டு, பாதிக்கு அதை ஊத்தி, ஐஸ்ல போட்டு வச்சாச்சு. மாந்தோப்பு வெயிலு, பிரியாணி காரம், பய தாகத்துல அப்பிடியே மடக்கு மடக்குன்னு உள்ள இறக்கிருவான். இறங்குன பெறகு சொல்லுவோம், ‘மாப்ள, குடிச்சுட்ட! ஒண்ணும் ஆகல பாத்தியா? டாக்டரம்மா உன்னைய ஏமாத்திருக்காங்க’ன்னு. பயம் தெளிஞ்சுரும். பழைய சேவுகன் திரும்ப வந்துருவான். அவனுக்கு நாங்க செய்யிற பெரிய உதவிண்ணே இது. கல்யாணச் சீருன்னு வச்சுக்கங்களேன்.

இல்லையே, மாத்திரையை நிறுத்தலையே. இன்னைக்குக் காலையில கூட அமுதா அக்கா குடுத்துச்சாம். நலுங்கு வச்ச மஞ்சளோட உக்கார வச்சு, முழுங்குனானான்னு வாயைத் தொறந்து காட்டச் சொல்லிப் பாத்துச்சாம்! கல்யாண மாப்பிள்ளையை! ஜெகதீசு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். 

போனு பண்ணி நிப்பாட்டச் சொல்றதா? அட போங்கண்ணே, நீங்க வேற. அதுக்கா இம்புட்டுக் கதை சொன்னேன்? நீங்களும் டாக்டரம்மா மாதிரியே பேசுறீங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல, அதான் பயம்.

இருங்க, அவனே கூப்புடுறான். நூறு ஆயுசு ஜெகதீசுக்கு. டேய், சொல்லுடா! ம்... ம்... குடிச்சுட்டானா? எம்புட்டு? ரெண்டு பாட்டிலா! ஆத்தாடி! ஒண்ணும் கண்டுபிடிக்கலையா? கசக்குதுன்னானா? ‘ஐஸ்ல ரொம்ப நேரம் கிடந்துருச்சு போல’ன்னியா? கெட்டிக்காரன்டா நீ! மூஞ்சி செவந்துருச்சா? காதெல்லாமா? டேய், அது வெக்கம்டா! கல்யாணக்களை! கழுத்துல இருந்து செவக்குதா, செவக்கட்டும், மாப்பிள்ளைக்குக் குங்குமமே வைக்க வேண்டியதில்ல. இன்னும் சொல்லலையே நீ? நான் வந்து சொல்றேன்டா, நான்தான் சொல்லணும். வை.

பாத்தீங்களாண்ணே? குடிச்சுட்டான்! கையைக் குடுங்க. ஒண்ணும் ஆகல, உக்காந்து பேசிக்கிட்டு இருக்கானாம். மூஞ்சி செவந்ததுக்கு ஏன்ணே எந்திரிச்சு நிக்கிறீங்க? பஸ் ஆடுது, விழுந்துருவீங்க. டாக்டரம்மா அதைத்தான் மொதல்ல சொன்னாங்கன்னா... ஆமா, சொன்னாங்க. அதுக்கென்ன? சரக்கு அடிச்சா எவனுக்குத்தான் மூஞ்சி செவக்கல? வெயிலு வேற. உக்காருங்கண்ணே, எல்லாரும் பாக்குறாங்க.

நூத்தியெட்டா? எதுக்கு? கல்யாண மண்டபத்துக்கு ஆம்புலன்ஸா? நல்லா இருக்குண்ணே நியாயம்! பொண்ணு வீட்டுக்காரங்க வந்து இறங்குற நேரம். சைரன் அடிச்சுக்கிட்டு வண்டி வந்து நின்னா என்ன பேசுவாங்க? மாப்பிள்ளை குடிகாரன்னு அப்பிடியே பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிருவாங்க. அந்த அக்கா எம்புட்டுக் கஷ்டப்பட்டு முடிச்ச சம்பந்தம் இது. ஒருத்தன் பேரைக் கெடுக்குற வேலையை நான் செய்ய மாட்டேன். மண்டபம் பேரு எதுக்கு உங்களுக்கு? சொல்ல மாட்டேன்ணே. உங்களை யாருன்னே எனக்குத் தெரியாது, பக்கத்துல உக்காந்தீங்க, ஏதோ மனுசன்னு பேசுனேன்.

கோபால்பட்டி வந்துருச்சு. இறங்கணுமா நீங்க? இல்லையா? அப்ப உக்காருங்க.

திரும்ப அவன்தான். என்னடா? வாந்தியா? எடுக்கட்டும் விடு, பழக்கம் விட்டுப்போச்சுல்ல. என்னது, நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு மேலயே தெரியுதா? ஆடிருப்பான். ஆடலையா? உக்காந்தேதான் இருக்கானா? தலை வெடிக்குதுங்கிறானா? சரி, நான் சொல்றதைக் கேளு. தோப்புல காவக்காரன் கொட்டாய் இருக்குல்ல, அதுல தூக்கிட்டுப் போயிப் படுக்க வையி. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடு, மோரு இருந்தாக் குடு. வாசல்ல படுதாவை இழுத்துவிடு. அமுதா அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது, தேடுனா முடி வெட்டப் போயிருக்கான்னு சொல்லு. என்ன கேக்குறான்? ‘சோடாவுல என்னடா கலந்தீங்க’ங்கிறானா? சொல்லாத. நான் வர்ற வரைக்கும் சொல்லாத. சத்தியமா ஒண்ணும் கலக்கலன்னு சொல்லு. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.

விடுங்கண்ணே போனை! என்னண்ணே நீங்க, கையைப் புடிச்சுத் திருகுறீங்க? பெரிய மனுசன்னு பாக்குறேன். அவன் மட்டைண்ணே, மட்டையாயிட்டான், அம்புட்டுத்தான். எங்களுக்குப் பாத்துப் பழக்கம் இல்லையா? எத்தனை தடவை இந்தப் பயலைத் தூக்கிட்டுப் போயிப் போட்டிருக்கேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சா ரெண்டு மணி நேரத்துல எந்திரிச்சுக் குளிச்சுட்டு மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையில ஏறிருவான். நீங்க அவனைப் பாத்தது கூட இல்ல. நான் அவனோட கிடந்தவன். அவன் உடம்பு எனக்குத் தெரியாதா?

கண்டக்டர் அண்ணே, ஒண்ணும் இல்லண்ணே. இவரு சும்மா பதட்டப்படுறாரு. கூட்டாளி கல்யாணம், கொஞ்சம் பார்ட்டி, வேற ஒண்ணும் இல்ல. எந்த மண்டபம்னு நீங்க எதுக்குக் கேக்குறீங்க? இவரு சொன்னா நீங்களும் கேப்பீங்களா? பஸ்ஸுல இருக்குறவங்க எல்லாரும் என்னையவே பாத்தா எப்பிடி? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

இந்தாங்க, உங்க திருப்திக்கு நானே போடுறேன். ரிங் போகுது. போகுது பாருங்க. எடுக்கல. கூட்டத்துல சத்தம் கேட்டிருக்காது. திரும்பப் போடுறேன். போகுது. எடுடா. எடுக்க மாட்டேங்கிறான். சேவுகன் போனுக்கே போடுறேன், இருங்க. அதுவும் அடிச்சுக்கிட்டே இருக்கு. அவன் ரிங்குக்கு எங்க நாலு பேரு போட்டோ வரும் திரையில, அவன் எப்பவும் ஒரே ரிங்குல எடுத்துருவான் என் போனை. கோவமா இருப்பான். கண்டுபிடிச்சுட்டான் போல, அதான் எடுக்கல. பரவால்ல, கோவப்படட்டும். நேருல போயிக் காலைக் கையைப் புடிச்சுச் சமாதானம் பண்ணிருவேன். பண்ணிருவேன்ணே. அவன் எங்கிட்ட ரொம்ப நேரம் கோவமா இருக்க மாட்டான்.

ஆங், ஜெகதீசு! எங்கடா போய்த் தொலைஞ்ச? ஹலோ? ஹலோ, பேசுடா. எதுக்குடா அழுகுற? நீயும் போட்டுட்டியா? டேய். யாருடா அங்க கத்துறது? அமுதா அக்காவா? அக்காவை யாருடா தோப்புக்கு வரச்சொன்னது, உன்கிட்ட நான் என்ன சொன்னேன்? மோரு குடுத்தியா? வாய்க்குள்ள போகலன்னா என்னடா அர்த்தம்? தலையைத் தூக்கிக் குடுக்கணும்டா. மூஞ்சி இன்னும் செவப்பாத்தான இருக்கு? வெளுத்துருச்சா? தண்ணியை அடி. தண்ணியை அடிச்சு எழுப்புடா. டேய், அக்கா ஏன்டா சத்தத்தை நிப்பாட்டிருச்சு? ஜெகதீசு... ஜெகதீசு...

அண்ணே, நீங்க வாங்குங்க. நீங்க பேசுங்கண்ணே. பஸ் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. கண்டக்டர் அண்ணே, வேங்கை மகால்ணே. நத்தம் எல்லையிலயே இருக்கு, வேங்கை மகால், பின்னாடி மாந்தோப்பு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க, யாராவது சொல்லுங்க. டிரைவரை எங்கயும் நிக்காமப் போகச் சொல்லுங்கண்ணே.

என்ன சொல்றான்? அண்ணே. தலையை ஆட்டாதீங்கண்ணே. சேவுகன் பக்கத்துல இருக்கானான்னு கேளுங்க, அவன்கிட்டப் போனைக் குடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா எந்திரிப்பான். நாகு பேசுறேன்னு சொல்லச் சொல்லுங்க, காதுல வைக்கச் சொல்லுங்க. ஏன் போனை வச்சுட்டீங்க?

சொல்லாதீங்கண்ணே. நத்தம் வர்ற வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க.